நாற்பத்தொன்றாம் எண் எருமை

“மந்தைப் பதிவேட்டைக் கொண்டாரச் சொல்லுங்க டாக்டர். அதுல என்ன எழுதியிருக்குன்னு நானும் பாக்கறேன்.”

ராவியா இதைச் சொன்னபோது அவளுடைய இடது கை விரல்கள் எருமையின் மூக்குத் துவாரங்களுக்குள் இருந்தன. வலது கை அதன் நாக்கைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்திருந்தது. முழங்கைவரை எச்சில். ஜூன் மாதத்துப் பத்து மணி வெயில் தொழுவத்துத் தகரத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. தைல மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த டாக்டர் வஜ்தி, தேநீர்க் கிளாஸை உதடுவரை கொண்டுபோனவர், குடிக்காமல் இறக்கினார். வரிசையில் நின்ற மற்ற ஒன்பது பேரும் தங்கள் வெள்ளைக் கோட்டின் பொத்தான்களைப் பார்த்தார்கள்.

நான்காம் ஆண்டின் கடைசித் தேர்வு அது. காலையிலிருந்து விதையைப் பார்த்துப் பேர் சொன்னார்கள், மண்ணை நாக்கில் வைத்து உப்பின் அளவைச் சொன்னார்கள், பாலாடைக்கட்டியைக் கிள்ளி எத்தனை நாள் பழையது என்று சொன்னார்கள். கடைசியாக மாடு. வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வயது சொல்ல வேண்டும். ஐந்து மதிப்பெண். நைல் கரையில் மன்னர் காலத்தில் கட்டிய வேளாண்மைக் கல்லூரி. அன்று எப்படித் தேர்வு வைத்தார்களோ அப்படியேதான் இன்றும். ஒரே வித்தியாசம், அன்றைய பேராசிரியர்கள் மாட்டின் வாயை அவர்களும் திறந்து பார்த்தார்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். டாக்டர் வஜ்தி மடியில் தட்டச்சு செய்த பட்டியல் வைத்திருந்தார். எண், எதிரே வயது. மாணவன் சொல்வது பட்டியலோடு பொருந்தினால் ஐந்து. இல்லாவிட்டால் பூஜ்யம்.

ராவியா பதின்மூன்று என்று சொன்னாள். கொஞ்சம் கூடவும் இருக்கலாம் என்றும் சொன்னாள். பட்டியலில் நாற்பத்தொன்றாம் எண்ணுக்கு ஏழு என்று இருந்தது.

“ஏழு” என்றார் டாக்டர் வஜ்தி. “அடுத்த ஆள் வா.”

“பல்லு தேஞ்சு குச்சியா நிக்குது டாக்டர். ஒவ்வொண்ணுக்கும் நடுவுல விரல் விடலாம். ஏழு வயசு மாட்டுக்கு இப்படி இருக்காது. நீங்களே வந்து பாருங்க.”

அவர் எழுந்து வரவில்லை. அப்போதுதான் அவள் பதிவேட்டைக் கேட்டாள்.

வரிசையின் ஓரத்தில் விரிவுரை உதவியாளர் அய்மன் நின்றுகொண்டிருந்தார். கால்நடை மருத்துவம் படித்தவர்; மந்தைக்கு ஊசி போடுவது, கன்று பிறந்தால் எழுதுவது, செத்தால் எழுதுவது எல்லாம் அவர்தான். ராவியா அவரைப் பார்த்தாள். அவருக்குத் தெரியாமல் இருக்காது. அவர் வாயைத் திறந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். அய்மன் குனிந்து தன் செருப்பில் ஒட்டியிருந்த சாணத்தைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் வஜ்தி நிதானமாகப் பேசினார். அவர் கத்துகிற ஆள் இல்லை. நாளை பதினொரு மணிக்கு மூன்று பேர் குழு கூடும், பதிவேடு வரும், மாடு வரும், நீயும் வா என்றார். நீ சொன்னது தப்பு என்று ஆனால் ஒழுங்கு நடவடிக்கை. அதற்குள் புத்தி வந்தால் பத்தரைக்கு என் அறைக்கு வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போ.

அவள் மாட்டின் வாயை விட்டாள். அது தலையை ஒருமுறை உதறி, அவள் கோட்டிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டது.

*

அந்தக் கல்லூரியில் சேர்ந்த முதல் நாள், வாசல் இரும்புக் கதவுக்கு முன்னால் நிறுத்தி அவளுடைய அப்பா தியாப் சொன்னது இரண்டே விஷயம். தியாப் அங்கே தொழுவத்தில் வேலை பார்ப்பவர். இருபது வருஷமாகத் தினக்கூலி. பால் கறப்பது, தீவனம் வெட்டுவது, சாணம் அள்ளுவது. முதல் விஷயம், இன்னார் மகள் என்று உள்ளே சொல்லிக்கொள்ள வேண்டாம், பிள்ளைகள் கேலி செய்வார்கள் என்பது. அதை அவள் அன்று மத்தியானமே மீறினாள். யாரோ மூக்கைப் பிடித்துக்கொண்டு தொழுவத்தைத் தாண்டியபோது, அங்கே நிற்பது என் அப்பா, மூக்கிலிருந்து கையை எடு என்றாள். இரண்டாவது, எதை வேண்டுமானாலும் கேள், மந்தைப் பதிவேட்டை மட்டும் கொண்டு வா என்று எந்தக் காலத்திலும் யாரிடமும் கேட்டுவிடாதே என்பது.

எழுதப் படிக்கத் தெரியாத மனுஷன், காகிதத்தைக் கண்டு பயப்படுகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அப்படிப் பயந்து பயந்துதான் இருபது வருஷமாகத் தினக்கூலியாகவே இருக்கிறார் என்றும் நினைத்தாள். அந்த வயதில் அவளுக்கு எல்லோர் மேலும் கோபம். பதிவேட்டு அறையில் உட்கார்ந்திருக்கும் மதாம் மார்ஸேல் மேல் கோபம்: சேர்க்கை நாளன்று போட்டோவில் காது தெரியவில்லை என்று மூன்று முறை திருப்பி அனுப்பியவள். அய்மன் மேல் கோபம்: சந்தேகம் கேட்டால் பதில் சொல்லாமல், ‘போய் மாட்டைப் பாரு’ என்று அனுப்பிவிடுவார். தன் ஊர் மேல், படகுக்காரன் மேல், வெயில் மேலும் கோபம். அந்தக் கோபத்தில்தான் படித்தாள். முதல் மூன்று ஆண்டும் முதலிடம். முதலிடத்தில் தேறுகிறவரைக் கல்லூரியே ஆசிரியராக வைத்துக்கொள்ளும். முயீத் என்று பேர். அறுபது வயதுவரை யாரும் அசைக்க முடியாத வேலை. இரண்டாவதாக வருகிறவளுக்கும் ராவியாவுக்கும் நடுவே இந்த ஆண்டு ஒன்றரை மதிப்பெண்தான் இடைவெளி. மாட்டின் வாய்க்கு ஐந்து.

*

நைலின் கிழக்குக் கரையில் அவர்கள் வீடு. கல்லூரி மேற்குக் கரையில். மாலை நாலரைப் படகில் ராவியாவும் தியாபும் ஒன்றாக ஏறினார்கள். விஷயம் தியாபுக்கு அதற்குள் தெரிந்திருந்தது. தேர்வு நடந்தபோது அவரைக் கரும்புத் தோகை ஏற்ற அனுப்பியிருந்தார்கள். அவர் இருந்திருந்தால் நாற்பத்தொன்றாம் எண்ணைக் கடைசிக் கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்திருக்கவே மாட்டார். எத்தனையோ செய்முறை வகுப்பு நடந்தும் அந்த மாட்டை அவர் ஒருநாளும் மாணவர்கள் முன் கொண்டுவந்ததில்லை. இது இப்போதுதான் ராவியாவுக்கு உறைத்தது.

படகில் அவர் விளிம்பை ஒட்டி உட்கார்ந்தார். தண்ணீரைக் கையால் அள்ளிக் கழுத்தில் விட்டுக்கொண்டார். இரண்டு முறை அவளைப் பார்த்தார், பார்த்துவிட்டுச் சிரிக்க முயன்றார்.

வீட்டில் அம்மா நஃபீஸா அடுப்பு மூட்டியிருந்தாள். காலையிலேயே பிசைந்து, மண் தட்டுகளில் தட்டி, மொட்டைமாடி வெயிலில் பொங்கவைத்த மாவு. வெயிலே புளிக்கவைக்கும் ரொட்டி அது. மாவின் விளிம்பை அவள் முள்ளால் நாலு பக்கம் கீறி அடுப்புக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். முகம் வெந்து சிவந்திருந்தது. மகள் இன்றோடு படித்து முடித்தாள் என்பதற்காக வாத்து ஒன்றை அறுத்து, மொலோக்கியா கீரையும் ஆய்ந்து வைத்திருந்தாள்.

“என்ன, அப்பனும் மகளும் சாவு வீட்டுலேந்து வர்ற மாதிரி வர்றீங்க” என்றாள். “கேள்வி கஷ்டமா?”

“கேள்வி லேசுதான். பதில்தான் கஷ்டம்” என்றாள் ராவியா.

அவள் நடந்ததைச் சொன்னாள். பதிவேடு என்ற சொல் வந்ததும் நஃபீஸாவின் கையிலிருந்த முள் நின்றது. அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். வீட்டில் இரண்டு பேருக்குத் தெரிந்த ஒன்று மூன்றாவது ஆளுக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது என்பது அந்தப் பார்வையிலேயே ராவியாவுக்குப் புரிந்துவிட்டது.

“சொல்லிருங்க” என்றாள் நஃபீஸா. “நாளைக்கு வேற எவனாவது சொல்றதுக்கு நீங்களே சொல்லிருங்க.”

தியாப் சொன்னதை அவர் சொன்ன வரிசையில் எழுதினால் முடியாது. எதையும் நேராகச் சொல்லிப் பழகாத மனுஷன். நாலு வருஷத்துக்கு முந்தைய ஜூலை மாதம். தலைச்சன் சினையாக இருந்த ஒரு கிடேரியை மேய்ச்சலுக்குப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார். மூன்று வயது, எண் நாற்பத்தொன்று. டாக்டர் வஜ்தியின் ஆராய்ச்சிக்கென்று வைத்திருந்த கிடேரி. அப்போது ஆற்றிலிருந்து ஒருத்தன் கத்தியிருக்கிறான்: தியாப், உன் மகள் பள்ளி இறுதித் தேர்வில் தொண்ணூற்றாறு, மாவட்டத்திலேயே மூணாவது, பேப்பரில் பேர் வந்திருக்கு. தியாப் கயிற்றைக் கையில் கிடைத்த ஆமணக்குச் செடியில் சுற்றிவிட்டுக் கரைக்கு ஓடினார். அந்தப் பேப்பரை அவருக்குப் படிக்கத் தெரியாது. படகுக்காரன் அவளுடைய பேர் எந்த இடத்தில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினான். அதையே அரைமணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

திரும்பி வந்தபோது ஆமணக்குச் செடி வேரோடு கிடந்தது. கிடேரி முழங்கால் உயரத்து இளஞ்சோளத்துக்குள் கால்களை நீட்டிக்கொண்டு கிடந்தது. தண்ணீர் இல்லாமல் வாடிய இளஞ்சோளம் எப்பேர்ப்பட்ட விஷம் என்று அவருக்குத் தெரியாதா.

“அன்னிக்கே வெளிய போடான்னுருப்பாங்க, கண்ணு” என்றார் தியாப். “தினக்கூலிக்காரனுக்கு விசாரணையா வைக்கப்போறாங்க. தொழுவத்துல இருபத்தாறாம் நம்பர் ஒண்ணு இருந்துச்சு. சினை நிக்கறதில்ல. அந்த மாசம் கசாப்புக்காரன்கிட்ட தள்ளிவிட வேண்டியது. அது காதுல இருந்த பித்தளைத் தகட்டக் கழட்டி செத்ததுக்குப் போட்டேன். செத்தது தகட்ட இதுக்குப் போட்டேன். இடுக்கி வச்சுத் திருகுனா முடிஞ்சுபோச்சு.”

“அய்மன் வந்து பாத்திருப்பாரே. அவர்தானே எழுதணும்?”

“வந்தாரு. செத்தது வாயத் திறந்து பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. அப்பறம் என்னையப் பாத்தாரு. பேனாவ எடுத்தாரு. இருபத்தாறு, வயித்து உப்புசம்னு எழுதினாரு. எழுதிட்டு, ‘தியாப், உம் பொண்ணு நல்லாப் பாஸ் பண்ணிருச்சாமே’ன்னு கேட்டாரு. அவ்வளவுதான். போயிட்டாரு.”

ராவியா கோட்டுக் கையில் காய்ந்திருந்த எச்சிலை நகத்தால் சுரண்டினாள்.

நஃபீஸா அடுப்புக்குள்ளிருந்து ரொட்டியை எடுத்து ஈரத் துணியில் போட்டாள். “செத்த மாடு செத்ததுதான்” என்றாள். “நாலு வருஷம் கழிச்சு அத எழுப்பி வீட்டுக்குள்ள கொண்டாந்து கட்டணுமா? நாளைக்குப் போயி, தெரியாமச் சொல்லிட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடு. உனக்குக் கை வலிக்கவா போகுது?”

“வேண்டாம்” என்றார் தியாப். “அவ சொன்னது சரி. பதின்மூணு சரி. கொஞ்சம் கூட. இந்த ரம்ஸானோட பதினாலு.” அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது, அதை மறைக்க அவர் எழுந்து போய் வாத்து இறக்கைகளைக் கூட்டினார். “நீ உள்ளதச் சொல்லு கண்ணு. எனக்கு அம்பத்தாறு ஆச்சு. நான் எவன் வயல்லயாவது கரும்பு வெட்டுவேன்.”

“இந்த முதுகோட வெட்டுவீங்க” என்றாள் நஃபீஸா.

வாத்து நன்றாக வெந்திருந்தது. மூன்று பேரும் சாப்பிட்டார்கள். தியாப் ஈரலை எடுத்து மகளின் ரொட்டி மேல் வைத்தார். அவள் அதை இரண்டாகப் பிய்த்து ஒன்றை அம்மாவுக்கும் ஒன்றை அவருக்கும் வைத்தாள்.

*

காலை ஏழு மணிப் படகில் அவள் தனியாகப் போனாள். தியாப் கறவைக்காக விடியலிலேயே போய்விட்டார். கரையேறியதும் நேராகப் பதிவேட்டு அறைக்கு நடந்தாள். பதிவேட்டில் அப்படி என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். வயது மட்டும்தான் என்றால் பழைய எழுத்துப் பிழை என்று ஏதாவது வழி சொல்லலாம்.

மதாம் மார்ஸேல் அப்போதுதான் ஜன்னலைத் திறந்து, கன்னி மரியாள் படத்துக்குக் கீழே மின்விசிறியைப் போட்டு, வேகவைத்த மொச்சை அடைத்த ரொட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தடித்த கண்ணாடி. மணிக்கட்டில் பச்சை குத்திய சிறிய சிலுவை. ராவியாவைப் பார்த்ததும் அவள் ரொட்டியை இரண்டாகக் கிழித்து ஒரு பாதியை நீட்டினாள்.

“எனக்கு வேண்டாம் மதாம்.”

“பிடி. வெறும் வயித்துல சண்டை போட்டா மயக்கம் வரும். நீ வருவேன்னு தெரியும், அதான் ரெண்டு ரொட்டி வாங்கினேன். ஒண்ணை நான் திங்காம இருக்க முடியல.”

ராவியா வாங்கிக்கொண்டாள். மதாம் மார்ஸேல் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து இரும்பு அலமாரியைத் திறந்து, துணியட்டை போட்ட ஒரு பெரிய பதிவேட்டை மேசையில் வைத்தாள். அதை யார் கேட்டும் வைக்கவில்லை. இரண்டு பக்கங்களைத் திருப்பிக் காட்டினாள். ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு பக்கம். பிறந்த நாள், தாய், தகப்பன், ஈன்ற கன்றுகள். கடைசியில் அடையாளம். நாற்பத்தொன்றுக்கு எதிரே: அடையாளம் இல்லை. இருபத்தாறுக்கு எதிரே: வால் நுனி வெள்ளை.

ராவியா நேற்று அந்த மாட்டின் வாலைப் பார்க்கவில்லை. அவள் பார்த்ததெல்லாம் வாய். ஆனால் கேட்கவே வேண்டியதில்லை.

“உங்கப்பனுக்குப் பொய் சொல்லத் தெரியாது” என்றாள் மதாம் மார்ஸேல். “வாழ்நாள்ல ஒரே ஒரு பொய் சொன்னான். அதையும் ஒழுங்காச் சொல்லலை. காதை மாத்தினவனுக்கு வாலு ஞாபகம் வரலை. நான் சாவுக் கணக்கு எழுத தொழுவத்துக்குப் போறேன், இருபத்தாறு செத்துப்போச்சுன்னு காகிதம் சொல்லுது, இருபத்தாறோட வாலு ஈ ஓட்டிக்கிட்டு நிக்குது.”

“நீங்க ஏன் எழுதலை மதாம்?”

“எழுதியிருப்பேன். பேனா எடுத்துட்டுத்தான் போனேன். அவன் என்னைப் பாத்ததும் ஓடிவந்து, ‘மதாம், உங்களுக்குப் படிக்கத் தெரியுமே, இதுல என்ன போட்டுருக்கு, எம் பொண்ணு பேருக்குப் பக்கத்துல’ன்னு ஒரு கிழிஞ்ச பேப்பரை நீட்டறான். நான் படிச்சேன். இன்னொரு தடவைன்னான். படிச்சேன். அப்பறம் மாட்டைப் பத்தி எழுத மறந்துட்டேன்.”

அவள் மொச்சையை மென்றுகொண்டே மீதியைச் சொன்னாள். அமைச்சகத்திலிருந்து ஆய்வுக்கு வரும்போதெல்லாம் பதிவேட்டைக் கரையான் அரித்திருக்கிறது என்று சொல்லித் தட்டச்சுப் பட்டியலையே நீட்டியதை. ஆய்வுக்கு முந்தைய நாள் அய்மன் கத்தரிக்கோலோடு போய் எல்லா எருமைகளின் வால்மயிரையும் ஒட்ட வெட்டிவிட்டு, சுகாதார நடவடிக்கை என்று குறிப்பு எழுதுவதை. அவளும் அய்மனும் இதைப் பற்றி ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தையும் பேசிக்கொண்டதில்லை. தியாபோடும் இல்லை. மூன்று பேரும் அவரவர் பாட்டில் வேலையைப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

“உனக்காகச் செஞ்சோம்னு நெனச்சு அழுதுறாத” என்றாள். “உன்னைய அப்ப எனக்குத் தெரியாது. தெரிஞ்ச அப்பறம் கொஞ்சம் வருத்தமாக்கூட இருந்துச்சு. எப்பப் பாரு மூஞ்சிய உர்ருன்னு வச்சுக்கிட்டு.”

ராவியா சிரித்தாள். சிரிக்கும்போதே கண் கலங்கியது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

“போட்டோவுல காது தெரியலன்னு மூணு தடவை திருப்பி அனுப்பினீங்க.”

“காது தெரியலைன்னா தலைநகர்ல உன் விண்ணப்பத்தையே தூக்கிப் போட்டுருவான். வருஷத்துக்குப் பத்துப் பிள்ளைங்க அப்படிப் போகுது. நீ அந்தப் பத்துல ஒண்ணாப் போயிருக்கணுமா?”

அவளுக்கு அது தெரியாது. நாலு வருஷமாகத் தெரியாது. தான் முட்டி மோதி உள்ளே வந்ததாகத்தான் நினைத்திருந்தாள். இங்கே ஒவ்வொரு கதவுக்கும் பின்னால் ஒரு ஆள் சத்தம் காட்டாமல் தாழ்ப்பாளை நீக்கிக்கொண்டு நின்றிருக்கிறார். முகம் சுளிக்காமல் அவர்களுக்கு ஒரு வணக்கம்கூட அவள் சொன்னதில்லை.

“இப்ப பதினோரு மணிக்கு இத எடுத்துக்கிட்டு வரச் சொன்னா வருவீங்களா மதாம்?”

“வருவேன். கேட்டாக் குடுக்கணும், அதுதான் என் வேலை. மறைக்க மாட்டேன். எனக்கு ஓய்வுக்கு ரெண்டு வருஷம் இருக்கு, அய்மனுக்கு வஜ்திகிட்டத்தான் டாக்டர் பட்டம் மாட்டிக்கிட்டு இருக்கு, உங்கப்பன் கதை உனக்கே தெரியும். எல்லாத்தையும் மூட்டை கட்டிக்கிட்டு வருவேன். கேக்காத வரைக்கும் இது அலமாரிக்குள்ள கிடக்கும்.” அவள் பதிவேட்டை மூடினாள். “சாப்பிடு. மொச்சை ஆறினா கல்லு.”

வெளியே வந்தபோது தாழ்வாரத்தில் அய்மன் எதிரே வந்தார். கையில் ஊசிப்பெட்டி. அவளைக் கண்டு ஒதுங்கி வழிவிட்டார். நேற்றுவரை அவரைக் கோழை என்றுதான் நினைத்திருந்தாள். கேட்க வேண்டியது ஒன்றுதான் இருந்தது.

“ஒவ்வொரு தடவையும் போய் மாட்டைப் பாரு, மாட்டைப் பாருன்னு சொன்னீங்களே, எதுக்கு டாக்டர்?”

“எங்கிட்டக் கேட்டா நான் புஸ்தகத்துல இருக்கறதச் சொல்லுவேன்” என்றார் அய்மன். “மாட்டுக்குத்தான் தன் வயசு தெரியும்.” பிறகு குரலைத் தணித்தார். “நேத்து நான் பேசியிருக்கணும்.”

“பேசாததுக்கு நன்றி. நேத்து மட்டும் இல்லை” என்றாள் ராவியா.

அவர் காது சிவந்துவிட்டது. ஊசிப்பெட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, மாடு காத்திருக்கிறது என்று முணுமுணுத்துப் போனார்.

*

பத்தரைக்கு அவள் டாக்டர் வஜ்தியின் அறைக்குப் போனாள். உயரமான கூரை, மரத் தட்டிகளை மூடிய ஜன்னல், அலமாரி நிறைய கெட்டி அட்டைப் புத்தகங்கள். அவர் அவளை உட்காரச் சொன்னார். காகிதம் தயாராக இருந்தது. அவரே தன் கையால் எழுதியிருந்தார்: நாற்பத்தொன்றாம் எண் எருமையின் பற்களை நான் தவறாகக் கணித்துவிட்டேன், அதன் வயது ஏழு என்பதை ஏற்கிறேன், பதிவேட்டைக் கோரியதைத் திரும்பப் பெறுகிறேன். கீழே கையெழுத்துக்கு இடம்.

அவர் அன்பாகத்தான் பேசினார். நீ கெட்டிக்காரி, இந்த இருபது வருஷத்தில் இந்தத் துறையில் உன்னைப் போல ஒரு மாணவியை நான் பார்க்கவில்லை, ஒரு சூட்டில் கேட்டுவிட்டாய், போகட்டும் என்றார். இதில் கையெழுத்துப் போடு, மதிப்பெண் குழுவில் பேசிக் கருணை மதிப்பெண் நாலு நானே வாங்கித் தருகிறேன், முதலிடம் உனக்குத்தான். செப்டம்பரில் முயீதாக வா. இந்தச் செய்முறை வகுப்பையே உன்னிடம் கொடுத்துவிடுகிறேன். எனக்கும் முழங்கால் முன்போல இல்லை.

அது பொய்யான வாக்கு இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அவர் சொன்னால் நடக்கும். ஒரு கையெழுத்தில் அப்பா தொழுவத்தில் இருப்பார், மதாம் மார்ஸேல் ஓய்வு பெறுவாள், அய்மன் பட்டம் வாங்குவார், அவள் முயீத் ஆவாள். அம்மா சொன்ன மாதிரி கை வலிக்காது. நேற்று இரவு படுத்துக்கொண்டு இதைத்தான் செய்வோம் என்று நினைத்தாள். இன்று காலை படகில்கூட நினைத்தாள்.

அவள் பேனாவைத் திறந்தாள். முதல் வரியைப் படித்தாள். தவறாகக் கணித்துவிட்டேன். செப்டம்பரில், அப்பா இல்லாத ஒருநாள், அந்த மாட்டைக் கடைசிக் கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்துக் கொண்டுவருவார்கள். வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள் பத்துப் பேர் நிற்பார்கள். அவளைப் போலவே ஒரு பெண், முழங்கைவரை எச்சிலோடு, பதின்மூன்று என்பாள். அவளிடம் ராவியா ஏழு என்று சொல்ல வேண்டும். சொல்லிப் பூஜ்யம் போட வேண்டும்.

அவளுக்காக மூன்று பேர் நாலு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். அதை அவளும் செய்வாள், சாகிறவரை செய்வாள், சந்தோஷமாகச் செய்வாள். ஆனால் அவர்களில் ஒருவர்கூட அவளை ஏழு என்று சொல்லச் சொல்லவில்லை. அப்பா பதினாலு என்று பெருமையாகத்தான் சொன்னார்.

அவள் முதல் இரண்டு வரிகளை அடித்தாள். அழுத்தி, நேராக, அளவுகோல் வைத்த மாதிரி. பதிவேட்டைப் பற்றிய கடைசி வரியை மட்டும் அடிக்காமல் அப்படியே விட்டாள். அதன் கீழே கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதினாள்.

டாக்டர் வஜ்தி காகிதத்தைத் திருப்பி வைத்துப் படித்தார்.

“இது என்ன?”

“பதிவேடு வேண்டாம் டாக்டர். குழுவும் வேண்டாம். நான் கேட்டது தப்பு, கேக்கக் கூடாதுன்னு என்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தாங்க. அத எழுதிக் குடுத்துட்டேன்.”

“அப்போ வயசு?”

“அதப் பத்தி நான் ஒண்ணும் எழுதலை.”

“எழுதாம எப்படி? ஏழுன்னு ஒத்துக்கறியா இல்லையா?”

“நீங்க பூஜ்யம் போட்டுருங்க டாக்டர். நான் மேல கேள்வி கேக்க மாட்டேன்.”

அவருக்குப் புரியவில்லை. உண்மையாகவே புரியவில்லை. பூஜ்யம் என்றால் இரண்டாமிடம், இரண்டாமிடம் என்றால் இந்தக் கல்லூரிக்குள் உனக்கு இடம் இல்லை என்று ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார். நாலு மதிப்பெண்ணை நீட்டுகிறேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறாயே என்றார். “இங்க விட்டா எங்க போவே?”

“மாடு இருக்கற எடத்துக்கு.”

“திமிரு.”

“திமிரு இல்லை டாக்டர்” என்றாள் ராவியா. அவள் எழுந்து நின்றாள். வழக்கமாக இந்த இடத்தில் அவள் குரல் உயரும். இன்று உயரவில்லை. “பல்லு பாத்து வயசு சொல்றத உங்க பாடப்புத்தகத்துலதான் படிச்சேன். மூணாவது அத்தியாயம். படம் எல்லாம் நீங்களே வரைஞ்சது. நேத்து அந்த வாயைத் திறந்ததும் அந்தப் படம்தான் கண்ணு முன்னால வந்துச்சு, பதின்மூணாவது வயசுப் படம். நல்லா வரைஞ்சிருக்கீங்க. அதுக்கு நன்றி. மனசாரச் சொல்றேன்.”

டாக்டர் வஜ்தி தன் கைகளைப் பார்த்தார். ஒரு கை காகிதத்தின் மேல் போய்ப் படிந்தது, மற்றது அதன் ஓரத்தில் ‘குழு தேவையில்லை’ என்று குறித்தது.

சுவர்க் கடிகாரம் பதினொன்றடிக்க இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. அவள் பேனாவை மூடி அவர் பக்கமாக வைத்தாள், நாற்காலியை இருந்த இடத்துக்குத் தள்ளினாள், கதவைத் திறந்துகொண்டு வெளியே நடந்தாள்.